பறங்கியர் ஏன் கடல் கடந்து கிளம்பினார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு வரலாறு நடத்துகிறேன். ‘ஐரோப்பியர் வருகை’ பாடம் வந்ததும், எந்த வகுப்பாக இருந்தாலும் ஏறத்தாழ இதே சந்தேகங்கள்தான் எழும். கேட்டதைக் கேட்டபடியே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். ‘ஐரோப்பியர்’ என்று மொத்தமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. முதலில் கிளம்பியது போர்ச்சுகல் என்பதால், பெரும்பாலான பதில்களை அந்த நாட்டின் கதையை வைத்தே சொல்கிறேன்.

முதல்ல கிளம்பினது யார் சார்? கொலம்பஸா, வாஸ்கோ ட காமாவா?

இரண்டு பேருமே இல்லை. 1415 ஆகஸ்டில் போர்ச்சுகல் மன்னர் முதலாம் ஜுவாவ் தன் மகன்களோடு படை திரட்டிக்கொண்டு போய், மொராக்கோ கரையில் இருந்த சியூட்டா துறைமுகத்தை ஒரே நாளில் பிடித்தார். கொலம்பஸ் அப்போது பிறக்கவே இல்லை. தொடக்கப் புள்ளி அதுதான்.

அப்புறம் நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. 1420 வாக்கில் மதீராத் தீவில் குடியேறினார்கள். 1434இல் ஜில் ஈயனஸ் என்ற மாலுமி சகாராக் கரையில் உள்ள பொஜதோர் முனையைத் தாண்டினார். 1482இல் இன்றைய கானாவின் கரையில் எல்மினா கோட்டை எழுந்தது. 1488இல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1498 மே மாதம் காமா கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரம் போட்டார். ஆக, சியூட்டாவிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு வர 83 ஆண்டு ஆனது. சியூட்டாவுக்குப் போனவர்கள் இந்தியாவை மனதில் வைத்துக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கையில் கிடைத்த லாபம்தான் அடுத்த முனைக்குக் கப்பலை அனுப்பியது.

போர்ச்சுகல் அவ்வளவு பணக்கார நாடா? அவங்களுக்கு மட்டும் எப்படி முடிஞ்சது?

பணக்கார நாடு இல்லை என்பதுதான் இந்தக் கதையின் ஆணிவேர். மக்கள்தொகை சுமார் பத்து லட்சம். விளைச்சல் போதாமல் தானியத்தை வெளியிலிருந்து வாங்கியவர்கள். நிலவழியாக எங்கேயும் நகர முடியாது, கிழக்கே காஸ்தீல் அரசு (இன்றைய ஸ்பெயினின் பெரும் பகுதி) அடைத்துக்கொண்டு நின்றது. ஆசியாவிலிருந்து வரும் எந்தப் பொருளும் பல கைகள் மாறி, விலை ஏறி, கடைசியாகத்தான் லிஸ்பனுக்கு வரும். மிஞ்சி இருந்தது அட்லாண்டிக் கடல் ஒன்றுதான். அந்தக் கடலில் மீன்பிடித்துப் பழகிய ஆட்கள் நிறைய இருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. காஸ்தீலோடு நடந்துவந்த போர் 1411இல் சமாதானத்தில் முடிந்தது. கையில் வாளும் உடம்பில் வலுவும் இருக்கும் பிரபுக்களின் பிள்ளைகளுக்குத் திடீரென்று வேலை இல்லை. குடும்பச் சொத்து மூத்த மகனுக்குப் போய்விடும், இளையவர்கள் போர் செய்துதான் பேரும் நிலமும் சேர்க்க வேண்டும். மன்னரின் மகன்களே உண்மையான போர்க்களத்தில் வீரப்பட்டம் பெற வேண்டும் என்று துடித்தார்கள். சியூட்டா விழுந்ததும் அங்கிருந்த பள்ளிவாசலைத் தேவாலயமாக மாற்றி, அதற்குள்ளேயே அவர்களுக்குப் பட்டம் சூட்டினார்கள். அவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் ‘மாலுமி ஹென்றி’ என்று பெயர் பெற்ற இளவரசர்.

சரி, ஆப்பிரிக்கா கரையோரமா எதைத் தேடிப் போனாங்க?

முதலில் தங்கம். மேற்கு ஆப்பிரிக்கத் தங்கம் ஒட்டகங்களில் சகாராவைக் கடந்து வட ஆப்பிரிக்கச் சந்தைகளுக்கு வந்துகொண்டிருந்தது. சியூட்டாவைப் பிடித்துவிட்டால் அது தங்கள் மடியில் விழும் என்று நினைத்தார்கள். ஆனால் வணிகர்கள் ஒட்டகத்தை வேறு ஊர்ப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அப்படியானால் பாலைவனத்தைச் சுற்றிக் கடல்வழியே தங்கம் கிடைக்கும் இடத்துக்கே போய்விடலாம் என்ற எண்ணம் வலுத்தது. கினி கரையின் தங்கம் கைக்கு வந்ததும் 1457இல் குருசாதோ என்ற பொன் நாணயத்தை அடித்தார்கள். எல்மினா என்ற பெயருக்கே ‘சுரங்கம்’ என்றுதான் பொருள்.

தங்கத்தோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். இதைப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகிறோம், அப்படிக் கடக்கக் கூடாது என்று நினைக்கிறேன். 1444 ஆகஸ்டில் போர்ச்சுகலின் லாகோஸ் துறையில் 235 ஆப்பிரிக்கர்களைக் கப்பலிலிருந்து இறக்கி, ஒரு வெட்டவெளியில் நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். அரசவையின் வரலாற்றாசிரியர் சுராரா அதை எழுதி வைத்திருக்கிறார். அப்பாவை ஒரு பங்கிலும் பிள்ளையை வேறு பங்கிலும் தள்ளினார்கள். பிள்ளைகள் அப்பாவைப் பார்த்து ஓடினார்கள். தாய்மார் குழந்தையைக் கட்டிக்கொண்டு தரையில் குப்புற விழுந்தார்கள், அடி விழுந்தும் விடவில்லை. இளவரசர் ஹென்றி குதிரைமேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு உரியது. இத்தனைக்கும் சுராரா ஹென்றியைப் புகழ எழுதியவர். அவர் பேனாவையே அந்தக் காட்சி உலுக்கியிருக்கிறது.

1453ல துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடிச்சு வழியை அடைச்சதாலதானே கடல்வழி தேடினாங்க? புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். (கான்ஸ்டாண்டிநோபிள் என்பது இன்றைய இஸ்தான்புல்.) முதல் பதிலில் உள்ள ஆண்டுகளை ஒருமுறை பாருங்கள். சியூட்டா 1415, பொஜதோர் 1434. 1453 வருவதற்குள் ஏறத்தாழ நாற்பது வருட வேலை முடிந்துவிட்டது. பின்னால் நடந்த ஒன்று முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது.

இரண்டாவது, மிளகு பெரும்பாலும் வந்த பாதை வேறு. மலபார் கரையிலிருந்து அரபிக்கடல் தாண்டி, செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகர்களின் கப்பலில் ஏறும். எகிப்து அப்போது மம்லுக் சுல்தான்கள் கையில் இருந்தது. துருக்கியர் எகிப்தைப் பிடித்ததே 1517இல்தான், அதாவது காமா வந்து 19 ஆண்டு கழித்து. 1453க்குப் பிறகும் வெனிசுக்கு மிளகு போய்க்கொண்டுதான் இருந்தது.

அதற்காக அந்த நகரத்தின் வீழ்ச்சிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். இஸ்லாமியர்களுக்கு எதிரான சிலுவைப்போர் உணர்ச்சியை அது கிளறிவிட்டது. 1455இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் போர்ச்சுகலுக்குக் கொடுத்த ஆணை, ஆப்பிரிக்கக் கரையில் நாடு பிடிக்கவும் மக்களை அடிமைப்படுத்தவும் உரிமை தந்தது. நெருப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, இது ஊற்றப்பட்ட எண்ணெய்.

ஒரு மிளகுக்காகவா இவ்வளவு தூரம்? கெட்டுப்போன கறியை மறைக்கத்தான் மசாலா வேணும்னு சொல்றாங்களே?

அந்தக் கறிக் கதையை நம்பாதீர்கள். ஐரோப்பாவில் மசாலா வாங்க முடிந்தவருக்குப் புதுக் கறி வாங்குவது பெரிய காரியமே இல்லை. கறியைவிடப் பல மடங்கு விலை உயர்ந்த பொருளைக் கெட்ட கறிமேல் யார் தூவுவார்? மசாலா அவர்களுக்குக் கௌரவம், மருந்து, விருந்தின் பெருமை.

லாபம் எங்கே இருந்தது என்றால், இடையில் இருந்த கைகளில். போன பதிலில் சொன்ன பாதையில் ஒவ்வொரு துறைமுகத்திலும் சுங்கம், ஒவ்வொரு வணிகருக்கும் லாபம். கிராம்பு இன்னும் தூரம், இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளிலிருந்து வர வேண்டும். ஜாதிக்காய் அன்று பண்டா என்ற சின்னத் தீவுக் கூட்டத்தில் மட்டுமே விளைந்தது. இடையில் இருக்கும் அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு விளையும் இடத்திலேயே வாங்கினால் எவ்வளவு மிச்சம் என்று லிஸ்பனில் கணக்குப் போட்டார்கள். மன்னர் மட்டும் அல்ல, லிஸ்பனில் தங்கியிருந்த இத்தாலிய வணிகர்களும் பணம் போட்டார்கள். 1500இல் வந்த கப்பல்களில் ஒன்றில் ஃபுளோரன்ஸ் வணிகர் மார்க்கியோன்னியின் முதலீடு இருந்தது.

மதம் பரப்ப வந்தாங்களா, வியாபாரத்துக்கு வந்தாங்களா? தெளிவா ஒண்ணைச் சொல்லுங்க.

ஒன்றை மட்டும் சொல்ல முடியாது, அவர்களே சொல்லவில்லை. காமா கள்ளிக்கோட்டையில் முதலில் கரைக்கு அனுப்பியது ஒரு தண்டனைக் கைதியை. அவரைக் கொண்டுபோய் அங்கே இருந்த துனிசியா நாட்டு வணிகர் இருவர் முன் நிறுத்தினார்கள். அவர்களுக்கு ஸ்பானிய மொழி தெரியும். ‘நீ நாசமாய்ப் போக, உன்னை இங்கே கொண்டுவந்தது யார்?’ என்று கேட்டார்கள். ‘கிறிஸ்தவர்களையும் மசாலாவையும் தேடி வந்தோம்’ என்று பதில் வந்தது. அந்தப் பயணத்தில் இருந்த ஒருவரின் நாட்குறிப்பில் இது இருக்கிறது.

கிறிஸ்தவர்களைத் தேடியது ஏன் என்றால், கிழக்கே பிரெஸ்தர் ஜான் என்ற கிறிஸ்தவப் பேரரசர் இருக்கிறார், அவரோடு சேர்ந்தால் இஸ்லாமிய நாடுகளை இரண்டு பக்கமும் நெருக்கலாம் என்று ஐரோப்பாவே நம்பியது. அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழம் என்றால், கள்ளிக்கோட்டையில் ஒரு கோயிலுக்குள் அழைத்துப் போனபோது அதைத் தேவாலயம் என்றே நினைத்து மண்டியிட்டார்கள். சுவரில் இருந்த உருவங்களுக்கு நாலைந்து கை, வெளியே நீட்டிய பல். அவற்றையும் புனிதர்கள் என்றே அந்த நாட்குறிப்பு எழுதுகிறது.

அவங்ககிட்ட நம்மைவிடப் பெரிய தொழில்நுட்பம் இருந்ததா?

பாதி அறிவு கடன் வாங்கியது. திசைகாட்டியும் வெடிமருந்தும் சீனாவில் தோன்றியவை. நட்சத்திரம் பார்த்து இடம் கணிக்கும் கலை அரபு, யூத அறிஞர்கள் வழியாக வந்தது. 1496இல் லெய்ரியா நகரத்தில் அச்சான கணக்கு அட்டவணைகளைச் செய்தவர் ஆபிரகாம் சக்கூட்டோ. ஸ்பெயின் விரட்டிய யூதர் அவர். அடுத்து போர்ச்சுகலும் யூதர்களை இருக்கவிடவில்லை.

அவர்களுடைய சொந்தச் சாதனை என்று நான் மதிப்பது, அட்லாண்டிக் காற்றைப் படித்ததைத்தான். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து நேரே வடக்கே திரும்ப முடியாது, எதிர்க்காற்று தள்ளும். ஆகவே கரையை விட்டு நடுக்கடலுக்குப் போய், மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்து வீடு திரும்பப் பழகினார்கள். காமா 1497இல் இதே உத்தியைத் தெற்கே பயன்படுத்தினார். மூன்று மாதம் கரையே கண்ணில் படவில்லை. கொலம்பஸ் கரை காணாமல் இருந்தது ஐந்து வாரம்தான்.

ஆனால் நம் கடலின் காற்று அவர்களுக்குத் தெரியாது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் உள்ள மாலிந்தியின் மன்னர் வழிகாட்டி ஒருவரைக் கொடுத்ததால் அரபிக்கடலை ஒரு மாதத்துக்குள் தாண்டினார்கள். (அந்த வழிகாட்டி புகழ்பெற்ற அரபு மாலுமி இபின் மாஜித் என்பதை இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.) திரும்பும்போது வாடைக்காற்று தொடங்கும் வரை பொறுக்காமல் அக்டோபர் ஆரம்பத்திலேயே கிளம்பினார்கள். அதே கடலைத் தாண்ட மூன்று மாதம் ஆனது. ஈறு வீங்கிப் பல்லை மூடி, சாப்பிட முடியாமல் 30 பேர் இறந்தார்கள். கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் வேலை செய்யும் நிலையில் இருந்தார்கள். ஆள் போதாமல் ஒரு கப்பலை வழியிலேயே எரித்தார்கள்.

சாமூதிரி அவங்களை ஏன் மதிக்கலை?

சாமூதிரி என்பது கள்ளிக்கோட்டை மன்னரின் பட்டம். அவருக்குக் காமா கொடுக்க நினைத்த பரிசுகளின் பட்டியல் அந்த நாட்குறிப்பில் இருக்கிறது: கோடு போட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவள மாலை 4, கை கழுவும் கிண்ணம் 6, ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெய் இரண்டு பீப்பாய், தேன் இரண்டு பீப்பாய். (பீப்பாய் என்ற சொல்லே அவர்கள் மொழியிலிருந்து நமக்கு வந்ததுதான்.) பார்க்க வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகர்கூட இதைவிட அதிகம் கொடுப்பார், மன்னருக்குக் கொடுப்பதென்றால் பொன் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

கள்ளிக்கோட்டைச் சந்தையை நினைத்துப் பாருங்கள். அரபு, குஜராத், சோழமண்டலக் கரை என்று பல பக்கத்து வணிகர்கள் வந்து போகும் ஊர். அங்கே போய்த் தொப்பியையும் கிண்ணத்தையும் வைத்தால் யார் மிளகு கொடுப்பார்கள்? பிறகு சுங்கம் கேட்டதும் தகராறு முற்றியது. ஊர்க்காரர் சிலரைப் பிடித்து வைத்துக்கொண்டே காமா கப்பலைக் கிளப்பினார்.

வியாபாரம் பண்ண வந்தவங்க ஏன் பீரங்கியைத் தூக்கினாங்க?

என்னைக் கேட்டால் மொத்தப் பாடத்துக்கும் சாவி இந்தக் கேள்விதான். மேலே உள்ள பட்டியலே பாதி பதில். இங்கே விலைபோகும் பொருள் அவர்களிடம் வெள்ளி, செம்பு தவிர அதிகம் இல்லை. சமமாக உட்கார்ந்து பேரம் பேசினால், நூற்றாண்டுகளாக இங்கே வேர் பிடித்த வணிகர்களோடு போட்டி போட முடியாது. அவர்களிடம் கூடுதலாக இருந்தது கப்பலில் பொருத்திய பீரங்கி. சந்தையில் ஜெயிக்க முடியாததைக் கடலில் ஜெயிக்கப் பார்த்தார்கள்.

1500இல் அடுத்த போர்ச்சுகீசியக் கப்பற்படையோடு கப்ரால் வந்தார். கள்ளிக்கோட்டையில் அவர்களுடைய பண்டகசாலை தாக்கப்பட்டுச் சுமார் 50 பேர் இறந்ததும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களை எரித்து ஊர்மேல் குண்டு வீசினார். 1502இல் இரண்டாவது முறை வந்த காமா, மெக்காவிலிருந்து யாத்திரிகர்களோடு திரும்பிக்கொண்டிருந்த மீரி என்ற கப்பலை மறித்தார். பொருளைப் பறித்த பிறகும் விடவில்லை. பெண்கள் நகைகளைக் காட்டி, கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சியதைப் போர்ச்சுகீசியக் கப்பலில் இருந்த ஒருவரே பதிவு செய்திருக்கிறார். கப்பலை ஆட்களோடு எரித்தார்கள்.

அடுத்து இதை ஒரு நிர்வாகமாகவே மாற்றினார்கள். இந்தியப் பெருங்கடலில் கப்பல் விடும் யாரும் அவர்களிடம் ‘கர்த்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கப்பல் தலைவர் யார், என்ன சரக்கு என்று அதில் எழுதியிருக்கும். அவர்கள் கோட்டையில் நின்று சுங்கம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல். அந்தச் சீட்டை நடைமுறைப்படுத்தத்தான் கோட்டைகள்: கோவா 1510, மலாக்கா 1511, ஹோர்முஸ் 1515.

சோழர்களும் கடல் கடந்து படையெடுத்தாங்களே? சீனர்களும் பெரிய கப்பலோட வந்தாங்களே? அவங்க ஏன் இப்படிப் பண்ணலை?

நல்ல கேள்வி, நம் பக்கத்தைப் பூசி மெழுகாமல் பதில் சொல்ல வேண்டும். 1025இல் ராஜேந்திர சோழன் அனுப்பிய படை, சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் துறைமுகங்களைத் தாக்கியது. அங்கிருந்து வித்தியாதர தோரணம் என்ற வாயிலைக் கொண்டுவந்ததாக மெய்க்கீர்த்தி பெருமைப்படுகிறது. கொள்ளை நடந்தது உண்மை. ஆனால் நிலையாக அமர்ந்து, கடலில் போகும் ஒவ்வொரு கப்பலிடமும் சீட்டுக் கேட்கவில்லை.

சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹே 1405 முதல் 1433 வரை ஏழு முறை வந்தார். கள்ளிக்கோட்டைக்கும் வந்தார். இலங்கையின் காலி நகரில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. அதே செங் ஹே இலங்கையில் சண்டையும் போட்டார், ஒரு சிற்றரசரைச் சிறைபிடித்துக்கொண்டும் போனார். வித்தியாசம் தேவையில்தான். சீனாவிடம் பட்டும் பீங்கானும் இருந்தன, உலகமே வாங்கியது. அரசுக்கு வடக்கு எல்லையில் மங்கோலியர் கவலை பெரிதாக இருந்ததால் கப்பற்படைச் செலவை நிறுத்தினார்கள். போர்ச்சுகல் நிறுத்தியிருந்தால் அதற்கு வேறு வருமானம் இல்லை.

அமெரிக்காவுல முழு நாட்டையே பிடிச்சாங்க. இங்கே ஏன் கரையோரத்தோட நின்னுட்டாங்க?

மெக்சிகோவில் ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸ் ஜெயித்ததற்கு அஸ்டெக் அரசின் எதிரிகளான திலாஸ்கலா மக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது ஒரு காரணம், 1520இல் பரவிய பெரியம்மை இன்னொரு காரணம். அங்கே அந்த நோய்க்கு யாருக்கும் எதிர்ப்புச்சக்தி இல்லை. ஆசியாவில் அம்மை பழைய நோய். இங்கே காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் வந்தவர்கள்தான்.

தவிர, ஆள் எண்ணிக்கை. ஆசியா முழுக்கப் போர்ச்சுகீசியர் சில ஆயிரம் பேர்தான். 1510 ஜனவரியில் கள்ளிக்கோட்டைக்குள் புகுந்து அரண்மனையைத் தாக்கியபோது அவர்களின் தளபதி கொத்தின்யோ கொல்லப்பட்டார், இங்கிருந்த போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க் காயத்தோடு தப்பினார். கோவாவைப் பிடிக்கவும் திமோஜா என்ற உள்ளூர்த் தலைவரின் உதவி தேவைப்பட்டது. விஜயநகரத்துக்குக் குதிரை வேண்டும், கொச்சி மன்னருக்குச் சாமூதிரியை எதிர்க்கத் துணை வேண்டும். இந்த இடைவெளிகளில்தான் அவர்கள் காலூன்றினார்கள்.

எங்க ஊர் தூத்துக்குடி பக்கம். எங்க முன்னோர்களை மிரட்டி மதம் மாத்தினாங்களா?

அப்படிச் சொல்வது முத்துக்குளித்துறைப் பரதவர்களைக் கைப்பாவை ஆக்குவதாகும். முத்துக்குளிப்பு உரிமையில் முஸ்லிம் வணிகர்களோடு அவர்களுக்குக் கடும் மோதல் இருந்தது. 1530களின் நடுவில் அவர்களுடைய பிரதிநிதிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். ஞானஸ்நானம் அந்த உடன்பாட்டோடு வந்தது. பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு, 1542இல்தான். உயிர் பிழைக்க எடுத்த அரசியல் முடிவு அது. பிந்தைய தலைமுறைகள் அதை மனதாரத் தங்கள் மதமாக்கிக்கொண்டார்கள். அந்தக் கரையில் பணியாற்றிய அன்ரிக் அடிகளார் தமிழில் எழுதிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சானது.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. 1619இல் படையெடுத்து அரசையே முடித்தார்கள், சங்கிலி மன்னரைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

டச்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் ஏன் நூறு வருஷம் தாமதமா வந்தாங்க?

வழி தெரிந்தவர்கள் அதைப் பொத்தி வைத்திருந்தார்கள். கோவாவில் பேராயரிடம் வேலை பார்த்த லின்ஷோட்டன் என்ற டச்சுக்காரர் ஊர் திரும்பி, 1595-96இல் கடல்வழி விவரங்களைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். ஆங்கிலக் கம்பெனி 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் தொடங்கியது, டச்சுக் கம்பெனி 1602இல். இவர்கள் மன்னரின் கஜானாவை நம்பவில்லை, பங்குதாரர் பணத்தில் நடந்தார்கள். ஆனால் கோட்டை கட்டவும் போர் செய்யவும் அதிகாரத்தைக் கையோடு வாங்கி வந்தார்கள். பீரங்கியும் சீட்டும் போர்ச்சுகல் காட்டிய வழி. 1658இல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கைக்குப் போயின.

தேர்வுல கான்ஸ்டாண்டிநோபிள்னு ஆப்ஷன் வந்தா என்ன சார் பண்றது?

கொடுத்த நாலில் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அதையே குறியுங்கள், மதிப்பெண்ணை விட வேண்டாம். விரிவாக எழுதும் தாளில் மட்டும் 1415, 1453, 1517 மூன்றையும் வரிசையாக எழுதிவிட்டுக் காரணங்களுக்குப் போங்கள். காமாவின் பரிசுப் பட்டியலையும் இரண்டு வரியில் சேருங்கள். தொப்பி நாலா ஆறா என்று அந்த நேரத்தில் மறந்துபோனாலும் பரவாயில்லை. அதில் பொன் இல்லை என்பதை விட்டுவிடாதீர்கள்.